பெருங்குடிக் குப்பைமேடு யாருக்கு?

சென்னை நகரத்தின் தென்பகுதி தினந்தோறும் கழித்தெறிந்த குப்பையை முப்பது வருஷங்களுக்கு மேலாகச் சுமந்து நின்ற பெருங்குடி மேடு கரைந்து வருகிறது. சுமார் 225 ஏக்கர் விஸ்தீரணமுள்ள அந்த மேட்டைத் தோண்டி, சலித்து, வகை பிரித்து அகற்றும் வேலை 2022-ம் வருஷத்தை ஒட்டி ஆரம்பமாயிற்று. அதற்கென்று ஏறத்தாழ 350 கோடி ரூபாய் ஒதுக்கப்பட்டது. தொண்ணூறு ஏக்கருக்கு மேல் நிலம் மீட்கப்பட்டதாகக் கார்ப்பரேஷன் தரப்பிலிருந்து செய்திகள் வந்திருக்கின்றன. மீண்ட நிலத்தில் பூங்கா அமைப்பது என்ற யோசனையும் பிரஸ்தாபத்திற்கு வந்திருக்கிறது.

பூங்கா என்ற சொல் காதுக்கு இனிமையானது. அதை எதிர்த்துப் பேச யாருக்கும் மனம் வராது. அதனாலேயே இவ்விஷயத்தில் சற்று ஜாக்கிரதையாக இருக்க வேண்டுமென்று நாம் கருதுகிறோம். புல்தரையும், சிமெண்டு நடைபாதையும், நடுவில் ஒரு நீரூற்றும், வாசலில் திறப்பு விழாக் கல்வெட்டும் வைத்துவிட்டால் அதுவும் பூங்காதான். மழைஜலத்தைத் தாங்கி, வடிகட்டி, நிதானமாகக் கடலுக்கு அனுப்பும் நாணற்காடும் பூங்காதான். முன்னது நகரத்திற்கு ஓர் அலங்காரம். பின்னது நகரத்தின் ஜீவாதாரமான அங்கம். பெருங்குடியில் எது வரப்போகிறது என்பதே கேள்வி.

இதற்கு விடை காண வேண்டுமானால், அந்த நிலம் குப்பைமேடாவதற்கு முன் என்னவாக இருந்தது என்பதை நினைவுபடுத்திக்கொள்ள வேண்டும். அது பள்ளிக்கரணைக் கழுவெளியின் ஒரு துண்டு. வெள்ளம் பரவி வடியும் தாழ்ந்த வெளிக்கு நம்மவர் இட்ட பெயர் கழுவெளி. வேளச்சேரி, மடிப்பாக்கம், கீழ்க்கட்டளை, நாராயணபுரம், செம்பாக்கம் முதலாக முப்பதுக்கு மேற்பட்ட ஏரிகளின் உபரி ஜலம் கலங்கல்களைத் தாண்டி இந்த வெளியில் வந்து இறங்கும். அங்கே கோரைக்கும் சம்புக்கும் நடுவே தங்கித் தெளிந்து, ஒக்கியம் மடுவு வழியாகப் பக்கிங்காம் கால்வாயில் விழுந்து, கோவளம் முகத்துவாரத்தில் கடலைச் சேரும். இந்த ஏற்பாட்டிற்கு எஞ்சினியர் இல்லை, கண்டிராக்டர் இல்லை, பட்ஜெட்டும் இல்லை. சுமார் 250 சதுர கிலோமீட்டர் பிரதேசத்தின் மழைஜலம் அந்த ஒரு வழியை நம்பியிருந்தது. இன்றும் நம்பியிருக்கிறது.

அரை நூற்றாண்டுக்கு முன் ஐயாயிரம் ஹெக்டேர் அளவுக்குப் பரந்திருந்த இந்தக் கழுவெளியில் இன்று கழுவெளியாகவே எஞ்சியிருப்பது பத்தில் ஒரு பங்குக்குச் சிறிதே அதிகம். மிச்சம் எங்கே போயிற்று என்பதை நாம் சொல்ல வேண்டியதில்லை. ரயில் பாதையும், அகலமான ரஸ்தாக்களும், ஆராய்ச்சிக் கூடங்களும், கம்ப்யூட்டர் கம்பெனிகளின் கண்ணாடி மாளிகைகளும், அடுக்குமாடி வீடுகளும் அங்கே நிற்பதைப் போகிறவர் வருகிறவர் எல்லோரும் பார்க்கிறார்கள். நெல் விளையாத நிலம் உதவாத நிலம் என்பது கச்சேரிக் கணக்கர்களின் பழைய சித்தாந்தம். அந்தச் சித்தாந்தத்தை வெள்ளைக்காரன் போன பிறகும் நாம் கைவிடவில்லை. உதவாத நிலத்தில் குப்பையைக் கொட்டினால் யார் கேட்கப் போகிறார்கள்? 1980-களின் பிற்பகுதியில் கொட்ட ஆரம்பித்தார்கள். பிறகு தினம் இரண்டாயிரம் டன்னுக்கு மேல் கொட்டும் அளவுக்கு அது வளர்ந்தது.

கழுவெளியின் ஒரு பகுதி 2007-ல் பாதுகாக்கப்பட்ட வனமாக்கப்பட்டது. 2022-ம் வருஷம் ஜூலை மாதத்தில் 1,247 ஹெக்டேர் கொண்ட பள்ளிக்கரணை, ராம்ஸார் உடன்படிக்கையின்படி சர்வதேச முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலம் என்று அங்கீகாரம் பெற்றது. அதே வருஷம் ஏப்ரல் மாதக் கடைசியில் பெருங்குடிக் குப்பைமேடு தீப்பிடித்துப் பல நாட்கள் புகைந்ததையும், சுற்றுப்புற ஜனங்கள் ஜன்னல்களை அடைத்துக்கொண்டு மூச்சுத் திணறியதையும் சேர்த்துச் சொன்னால்தான் சரித்திரம் பூர்த்தியாகும். ஏப்ரலில் புகை, ஜூலையில் பட்டம்.

நிற்க. இப்படிக் கெட்டுப்போன நிலம் திருந்துமா என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். திருந்தும் என்பதற்குப் பிற நாடுகளில் அத்தாட்சி உண்டு. வெளிநாட்டில் நடப்பது எல்லாம் சிறப்பு என்று வாயைப் பிளக்கும் வழக்கம் நமக்கு இல்லை. ஆயினும் பிறர் கைப்பொறுப்பில் செய்து பார்த்த பரீட்சையின் பலனை நாம் இலவசமாகப் பெற்றுக்கொள்வதில் தவறில்லை அல்லவா?

ஆஸ்திரேலியாவில் ஸிட்னி நகரத்தின் உட்பகுதியில் ஸிட்னி பார்க் என்று நாற்பது ஹெக்டேருக்கு மேற்பட்ட ஒரு பூங்கா இருக்கிறது. அந்த இடம் முன்பு செங்கல் சூளை. சூளைக்காகக் களிமண் வெட்டி எடுத்ததால் ஏற்பட்ட பெரும் பள்ளங்களில் 1948 முதல் 1976 வரையில் நகரத்துக் குப்பையைக் கொட்டி நிரப்பினார்கள். குப்பை நின்ற பிறகு மண்ணைப் போட்டு மூடி, மரம் நட்டுப் பூங்காவாக்கினார்கள். சூளையின் பழைய புகைபோக்கிகள் இன்றும் அங்கே நிற்கின்றன. விஷயம் இதோடு முடிந்திருந்தால் நாம் அதைப் பற்றி எழுதியிருக்க மாட்டோம். நியூடவுன் பக்கத்துத் தெருக்களின் மழைஜலம், எண்ணெயும் தூசியும் கந்தலும் காகிதமுமாகக் கால்வாய் வழியே அலெக்ஸாண்ட்ரா கால்வாயில் விழுந்து, பாட்டனி விரிகுடாவுக்குப் போய்க்கொண்டிருந்தது. அந்த ஜலத்தை வழியில் மறித்துப் பூங்காவுக்குள் திருப்பினால் என்ன என்ற யோசனை பிறந்தது. 2015-ல் வேலை பூர்த்தியாயிற்று. வருஷத்திற்குச் சுமார் 85 கோடி லிட்டர் மழைஜலத்தைப் பிடித்துச் சுத்தம் செய்யும் சக்தி அந்தப் பூங்காவுக்கு ஏற்பட்டது. சுத்தமான ஜலத்தில் ஒரு பகுதி பூங்காவின் செடிகொடிகளுக்கே பாய்கிறது. அந்த அளவுக்குக் குடிநீர் மிச்சம்.

அந்த ஜலம் எப்படிச் சுத்தமாகிறது? இதில் மந்திரம் ஒன்றுமில்லை. முதலில் வலைபோன்ற தடுப்பு ஒன்றில் பிளாஸ்டிக்கும் இலையும் சிக்கிக்கொள்ளும். அடுத்து ஓர் ஆழமான குட்டையில் ஜலம் வேகம் தணிந்து நிற்கும்போது மண்ணும் வண்டலும் அடியில் படியும். பிறகு முழங்கால் ஆழத்துக்கு மேற்படாத தட்டையான பாத்திகளில் நாணலுக்கும் கோரைக்கும் நடுவே அது மெல்ல ஊர்ந்து செல்லும். தண்டிலும் வேரிலும் பாசிபோல் ஒட்டி வாழும் கண்ணுக்குத் தெரியாத நுண்ணுயிர்கள் ஜலத்தில் கரைந்துள்ள அழுக்கைத் தின்னும். வெயிலும் காற்றும் தம் பங்கைச் செய்யும். சில இடங்களில் மணற்படுகையின் ஊடே இறக்கியும் வடிகட்டுவார்கள். நமது கிராமங்களில் ஊருணியின் வரத்துக்காலில் நாணலை வளரவிட்ட பாட்டன்மார்களுக்கு இதைக் கேட்டால் சிரிப்பு வரும். கல்கத்தாவின் கிழக்கே 12,500 ஹெக்டேர் ஈரநிலத்தில் மீன் வளர்ப்போர், அந்த மாநகரத்தின் சாக்கடை ஜலத்தைத் தட்டையான குளங்களில் வெயில் காயவிட்டு மீனும் காய்கறியும் விளைவிப்பதை உலகத்து நிபுணர்கள் வந்து பார்த்துப் போகிறார்கள். ஆகவே வித்தை நமக்குப் புதிதல்ல. அதைச் செய்யும் புத்திதான் சில சமயம் நம்மை விட்டுப் போய்விடுகிறது.

இரண்டாவது சாட்சி நியூயார்க். அந்நகரத்தைச் சேர்ந்த ஸ்டேட்டன் தீவில் பிரெஷ் கில்ஸ் என்ற இடத்தில் கடல் ஓதம் ஏறி இறங்கும் கழிமுகம் ஒன்று இருந்தது. கில் என்றால் டச்சு பாஷையில் ஓடை. நல்ல நீரோடை என்று பெயர் வைத்த இடத்தில் 1948-ல் குப்பை கொட்ட ஆரம்பித்தார்கள். சில வருஷங்களுக்கு மட்டும் தற்காலிகமாக என்றுதான் ஜனங்களிடம் சொன்னார்கள். அந்தத் தற்காலிகம் 2001 வரையில் நீடித்தது! சுமார் 2,200 ஏக்கர் கொண்ட அந்த இடம் உலகத்தின் மிகப் பெரிய குப்பைமேடுகளில் ஒன்றாயிற்று. மேட்டின்மேல் பிளாஸ்டிக் விரிப்பும் மண்ணுமாக அடுக்கடுக்காகப் போர்த்தி, உள்ளே உண்டாகும் மீத்தேன் வாயுவைக் குழாய்களில் வாங்கி, அடியில் கசியும் விஷநீரைச் சேகரித்துச் சுத்தம் செய்து, சிறிது சிறிதாகப் பூங்காவாக்கி வருகிறார்கள். உள்ளே முதற்பெரும் பகுதி பொதுஜனங்களுக்குத் திறக்கப்பட்டது 2023 அக்டோபரில். அதன் அளவு சுமார் 21 ஏக்கர். குப்பை நின்று இருபத்திரண்டு வருஷங்களுக்குப் பிறகு, பணத்துக்குப் பஞ்சமில்லாத நகரத்தில், இருபத்தொரு ஏக்கர்! ஒரு தேர்தலுக்கும் மறு தேர்தலுக்கும் இடையே எல்லாம் முடிந்துவிட வேண்டும் என்று அவசரப்படும் நமது தலைவர்கள் இந்தக் கணக்கை மனதில் வைக்க வேண்டும்.

இவ்விரண்டு நகரங்களுக்கும் கிடைக்காத ஒரு சௌகரியம் சென்னைக்குக் கிடைத்திருக்கிறது. அதை நேயர்கள் கவனிக்க வேண்டும். ஸிட்னியிலும் நியூயார்க்கிலும் குப்பை அப்படியே பூமிக்குள் இருக்கிறது. மேலே போர்வை, போர்வைக்கு மேல் பூங்கா. அந்தப் போர்வை கிழியாமல் தலைமுறை தலைமுறையாகக் காவல் காக்க வேண்டும். பெருங்குடியிலோ குப்பையே தோண்டி எடுக்கப்படுகிறது. பிளாஸ்டிக்கும் துணியும் சிமெண்டுத் தொழிற்சாலைகளின் உலைகளுக்குப் போகின்றன. கல்லும் கட்டட இடிபாடும் தனியே பிரிகின்றன. மக்கி மண்ணாகிவிட்ட பகுதி சலிக்கப்படுகிறது. வேலை ஒழுங்காக முடிந்தால் பழைய கழுவெளியின் தரைமட்டம் மறுபடி கண்ணுக்குத் தெரியும்.

மட்டம் என்ற இந்த ஒரு வார்த்தையில்தான் எல்லாம் அடங்கியிருக்கிறது. ஜலத்திற்குச் சட்டமும் தெரியாது, தீர்மானமும் தெரியாது. மட்டம் ஒன்றுதான் தெரியும். மீட்ட நிலத்தைப் பக்கத்து ரஸ்தாவின் உயரத்துக்கு மண் கொட்டி நிரவி, அதன்மேல் புல் வளர்த்தால், குப்பைமேடு இருந்த இடத்தில் புல்மேடு வந்ததென்று அர்த்தம். மழைஜலத்துக்கு இரண்டும் ஒன்றுதான். முன்பு குப்பை தடுத்தது. இனிமேல் பூங்கா தடுக்கும். மாறாக, நிலத்தைக் கழுவெளியின் மட்டத்திலேயே விட்டு, எஞ்சிய சதுப்போடு அதை இணைத்து, சுற்றுப்புற வடிகால்களின் ஜலம் வண்டல் குட்டையிலும் நாணற் பாத்தியிலும் புகுந்து தெளிந்து உள்ளே போகும்படி செய்தால், நகரம் தான் பறித்ததில் ஒரு பங்கைத் திருப்பிக் கொடுத்ததாகும். நடப்பதற்குக் கரைமேல் பாதை போடட்டும். குழந்தைகள் பூநாரையையும் கூழைக்கடாவையும் பார்க்க மேடை கட்டட்டும். அவற்றை நாம் ஆட்சேபிக்கவில்லை. நாணலுக்கு முதலிடம், நாற்காலிக்கு அடுத்த இடம், அவ்வளவே.

இதனால் சென்னையின் வெள்ள அபாயம் தீர்ந்துவிடும் என்று யாராவது சொன்னால் அதையும் நம்ப வேண்டாம். கணக்குப் போட்டுப் பார்ப்போம். 225 ஏக்கர் என்பது சுமார் 91 ஹெக்டேர். அதில் ஒரு மீட்டர் உயரத்துக்கு ஜலம் நின்றால் 91 கோடி லிட்டர். 250 சதுர கிலோமீட்டரில் ஒரே நாளில் 300 மில்லிமீட்டர் மழை பெய்தால் விழும் ஜலம் 7,500 கோடி லிட்டர். 2015 டிசம்பர் முதல் தேதியை ஒட்டிய ஒரு நாளில் தாம்பரத்தில் 490 மில்லிமீட்டர் வரை பெய்தது என்பதை நினைத்தால் 300 மில்லிமீட்டர் மிகையான கற்பனையல்ல. ஆகவே அத்தகைய நாளில் பெருங்குடி ஈரநிலம் எண்பதில் ஒரு பங்கைத்தான் ஏந்திக்கொள்ளும். மிச்சத்துக்கு ஏரிகளைத் தூர்வார வேண்டும். கலங்கலுக்கும் கழுவெளிக்கும் இடையே அடைபட்ட கால்வாய்களைத் திறக்க வேண்டும். ஒக்கியம் மடுவின் வாயை அகலமாக வைத்திருக்க வேண்டும். கழுவெளியில் இனி ஒரு கூடை மண் விழாமல் தடுக்க வேண்டும். 2023 டிசம்பர் புயலில் பள்ளிக்கரணை, வேளச்சேரி, பெரும்பாக்கம் ஜனங்கள் மாடியில் குடியிருந்து படகுக்குக் காத்திருந்ததை மறந்துவிட்டுப் பூங்காவைப் பற்றி மட்டும் பேசுவது விளையாட்டாகும்.

பெருமழையைத் தாங்காத இந்த ஈரநிலத்தால் என்ன பிரயோஜனம் என்று அடுத்த கேள்வி வரும். வருஷத்தில் பெருமழை பெய்யும் நாள் இரண்டோ மூன்றோ. சாதாரண மழை பெய்யும் நாட்களோ அநேகம். அந்த நாட்களில், முதல் மழையின் முதல் அரைமணி நேரத்தில் தெருக்களிலிருந்து இறங்கும் கறுத்த ஜலம்தான் ஏரிக்கும் கடலுக்கும் பெரிய விஷம். அதைப் பிடித்துத் தெளிய வைப்பது சிறிய ஈரநிலத்தாலும் முடியும் என்பதற்கே ஸிட்னியை உதாரணம் காட்டினோம். அந்தக் கறுத்த ஜலம் தெளிந்து போனால் கழுவெளியின் நூற்றுக்கு மேற்பட்ட பறவை இனங்களுக்கு மட்டுமல்ல, கோவளம் முகத்துவாரத்தில் வலை வீசும் மீனவர்களுக்கும் நன்மை. அவர்களைக் கேட்டுக்கொண்டா நகரம் தன் கழிவை அவர்கள் வாசலுக்கு அனுப்புகிறது?

கொசுவைப் பற்றிய ஆட்சேபம் ஒன்று எப்போதும் கிளம்பும். சாக்கடையில் தேங்கிய ஜலத்தில் கொசு பெருகுகிறது என்பது உண்மை. ஆனால் ஜலம் மெல்ல நகர்ந்துகொண்டும், அதில் மீனும் தவளையும் தட்டாம்பூச்சியின் குஞ்சுகளும் வாழ்ந்துகொண்டும் இருக்கிற இடத்தில் கொசுவின் புழுவுக்கு ஆயுள் குறைவு. ஆகவே கொசுவுக்குப் பயந்து நாணலை வெறுப்பது பிசகு. மழைக்கால்வாயில் திருட்டுத்தனமாகச் சாக்கடைக் குழாயை இணைப்பதையே வெறுக்க வேண்டும். இது நகரத்தின் எல்லாப் பேட்டைகளிலும் நடக்கிறது. அதை நிறுத்தாமல் ஈரநிலம் அமைத்தால், சில வருஷங்களில் அது நாற்றமெடுத்த குட்டையாகிவிடும். "பார்த்தீர்களா, இதற்குத்தான் புல்தரையே நல்லது என்றோம்" என்று சொல்ல ஆட்கள் தயாராக இருப்பார்கள்.

மண்ணைப் பற்றியும் ஒரு வார்த்தை. முப்பது வருஷக் குப்பை மக்கிய மண்ணில் ஈயமும் காட்மியமும் போன்ற உலோகங்கள் சேர்ந்திருக்கக் கூடும். அப்படிப்பட்ட மண்ணைச் சலித்து எடுத்து வேறொரு தாழ்ந்த நிலத்தை நிரப்பக் கொடுத்தால், ஒரு புண்ணை ஆற்றி இன்னொரு புண்ணை உண்டாக்கினவர்களாவோம். அகற்றிய மண் லாரி லாரியாக எங்கே போயிற்று, சோதனைச் சாலை அதைப் பற்றி என்ன சொல்லிற்று என்ற விவரங்களைப் பொதுஜனங்கள் பார்வைக்கு வைப்பது கார்ப்பரேஷனின் கடமை. தோண்டியபின் எஞ்சும் அடித்தரையையும் அவ்வாறே சோதிக்க வேண்டும். விஷம் ஊறிய தரைமேல் ஜலத்தைத் தேக்கினால் அது நிலத்தடி ஊற்றில் இறங்கும். அத்தகைய இடங்களில் களிமண் படுகை போட்ட பிறகே நாணல் நட வேண்டும்.

அந்த மேட்டில் வயிறு வளர்த்தவர்களையும் நாம் மறக்கலாகாது. கொளுத்தும் வெயிலில், புகைக்கு நடுவில், கையுறைகூட இல்லாமல் பிளாஸ்டிக்கும் இரும்பும் பொறுக்கிய ஆண்களும் பெண்களும் எத்தனையோ பேர். நகரம் செய்யத் தவறிய வகைபிரிக்கும் வேலையைச் சம்பளமில்லாமல் அவர்கள் செய்துவந்தார்கள். மேடு போனால் அவர்களுடைய கூலியும் போகும். ஈரநிலத்துக்கு வருஷம் முழுவதும் வேலை உண்டு. தடுப்பு வலையில் சிக்கிய குப்பையை ஒவ்வொரு மழைக்குப் பிறகும் வாரி எடுக்க வேண்டும். வண்டலை அள்ள வேண்டும். முற்றிய சம்பையும் ஆகாயத்தாமரையையும் அறுக்க வேண்டும். புது நாற்று நட வேண்டும். இந்த வேலைகளில் முதல் உரிமை அவர்களுக்கே என்று திட்டத்திலேயே எழுதிவைக்க வேண்டும். கண்டிராக்டரின் தயவில் தினக்கூலியாக அல்ல, மாதச் சம்பளத்தில். பராமரிப்புக்கு வருஷாவருஷம் பணம் ஒதுக்காமல் கட்டி முடிக்க மட்டும் பணம் ஒதுக்கும் வழக்கத்தால் நமது நகரங்களில் எத்தனை பூங்காக்கள் பூட்டிக் கிடக்கின்றன என்பதை அவரவர் பேட்டையிலேயே காணலாம்.

பொதுக்காரியங்களில் ஈடுபட்ட அன்பர்களுக்கு நாம் ஒரு யோசனை கூறுகிறோம். பூங்கா வேண்டும், வேண்டாம் என்று வார்டு சபைகளில் வாதாடிக் காலம் கழிக்க வேண்டாம். மட்டக் கணக்கைக் கேளுங்கள். மீட்ட நிலத்தின் இன்றைய உயரம் எவ்வளவு, பக்கத்துச் சதுப்பின் உயரம் எவ்வளவு, ரஸ்தாவின் உயரம் எவ்வளவு, எந்தெந்த வடிகால் எந்த இடத்தில் உள்ளே புகும், எந்த இடத்தில் வெளியேறும் என்று காட்டும் படம் ஒன்று தமிழில் அச்சாகி, பெருங்குடி, பள்ளிக்கரணை, வேளச்சேரி, துரைப்பாக்கம் வார்டு ஆபீஸ்களின் சுவரில் தொங்க வேண்டும். வெள்ளத்தில் நின்ற கிழவர்கள் அதைப் பார்த்துத் தவறு எங்கே என்று விரலை வைத்துச் சொல்வார்கள். வடகிழக்குப் பருவம் ஐப்பசியில் இறங்குகிறது. அதற்கு முன்னதாக அந்தப் படம் சுவரில் ஏற வேண்டும்.